சக்கரத்துக்கும் ஜாதகம் பாருங்க

மாடல் ரயில் இன்ஜினுக்குச் சக்கரம் செய்ய எந்த ஸ்டீல் நல்லது? இந்தப் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா பத்தாவது நிமிஷம் இந்தக் கேள்வி வந்துடும். ஒருத்தர் ஈஎன் 8ம்பார், இன்னொருத்தர் ஈஎன் 24ம்பார், மூணாவது ஆள் "எஸ்எஸ் போட்டா துருவே பிடிக்காதே"ம்பார். வயசுல மூத்தவர் "வார்ப்பிரும்பை விட்டா வேறென்னய்யா இருக்கு"ன்னு முடிச்சு வைப்பார்.

என் கட்சி தனிக்கட்சி. எந்த கிரேடுங்கறது ரெண்டாவது கேள்வி. கையில இருக்கற துண்டு எங்கே பிறந்தது, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமாங்கறதுதான் முதல் கேள்வி. அதுக்குப் பதில் இருந்தா சாதாரண ஸ்டீல்லயே அருமையா சக்கரம் கடையலாம். பதில் இல்லைன்னா, ஈஎன் 24னு சாக்பீஸ்ல எழுதி வச்ச துண்டும் வெறும் இரும்புதான்.

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்துடுங்க :-)

நான் சொல்றது ஷோகேஸ்ல வைக்கிற பொம்மை ரயிலைப் பத்தி இல்ல. தண்ணி ஊத்தி, கரி போட்டு, நிஜமாவே நீராவியில ஓடற இன்ஜின். பின்னாடி வண்டியில மனுஷங்க உட்கார்ந்து போவாங்க. நான் எடுத்துக்கிட்டது ஒய்ஜி. நம்ம மீட்டர் கேஜ் பாதைகள்ல சரக்கு இழுத்த இன்ஜின். முன்னாடி ரெண்டு சின்ன சக்கரம், நடுவுல எட்டு பெரிய சக்கரம், பின்னாடி ரெண்டு. பெரிய சக்கரத்தோட விட்டம் 4 அடி, அதாவது 1219 மி.மீ. மீட்டர் கேஜை மூணரை அங்குலமா சுருக்கினா 11.25ல ஒரு பங்கு. சக்கரம் 108 மி.மீ. ஆகுது. விளிம்பு (ரயில்காரங்க பாஷையில ஃபிளாஞ்ச்) சேர்த்து, கடைசல் போக, 125 மி.மீ. ரவுண்டு வாங்கினா நிம்மதியா கடையலாம்.

எட்டு சக்கரம், ரெண்டு உபரி, ஆக பத்து வில்லை. ஒவ்வொண்ணும் 20 மி.மீ. தடிமன், ரம்பம் தின்னறது தலா 3 மி.மீ. மொத்தம் 230 மி.மீ. நீளம். இரும்புக்கடைக் கணக்கு தெரியுமில்ல? விட்டத்தை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 125 ரவுண்டு மீட்டருக்கு 96 கிலோ சொச்சம். நம்ம துண்டு 22 கிலோ. அவ்வளவுதான் மொத்த கொள்முதல். இந்த 22 கிலோவுக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவான்னு கேட்கறீங்களா? காரணம் இருக்கு.

எம்எஸ்ங்கற மாய வார்த்தை

நம்ம ஊர் பட்டறைகள்ல ஒரே ஒரு ஸ்டீல்தான் உண்டு. அதுக்குப் பேரு எம்எஸ். கேட் செய்யறது எம்எஸ், ஷாஃப்ட் கடையறது எம்எஸ், காலேஜ் லேப்ல பசங்க கைக்குக் கொடுக்கறதும் எம்எஸ். மைல்டு ஸ்டீல்னா கார்பன் கம்மியான ஸ்டீல், அதுக்கு மேல அந்தப் பேர் உங்களுக்கு எதையும் சொல்லாது.

பெரிய ஆலையில தாதுல இருந்து செஞ்ச கம்பியும் எம்எஸ்தான். ஊருக்கு வெளியில இண்டக்‌ஷன் ஃபர்னேஸ்ல பழைய இரும்பை உருக்கி, ரீரோலிங் மில்லுல உருட்டினதும் எம்எஸ்தான். குஜராத் ஆலங்க் கடற்கரையில உடைச்ச கப்பலோட தகட்டை உருக்காமலே சூடு பண்ணி உருட்டின கம்பிகூட அதே பேர்ல வரும். இண்டக்‌ஷன் ஃபர்னேஸ் அடிப்படையில ஒரு உருக்குற சட்டி. உள்ள போற பாஸ்பரஸ், சல்ஃபரை வெளியே எடுக்கற வேலையை அது சரியா செய்யாது. போட்டது என்னவோ அதுதான் வெளியே வரும். அந்தக் கம்பி கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும். யாரையும் குறை சொல்லலை. ஆனா சக்கரத்துக்குக் கேட்டா கதை வேற.

நான் பொழைப்புக்கு ஜாவா தட்டறவன். எங்கே இருந்து வந்துச்சு, எந்த வெர்ஷன்னு தெரியாத ஒரு லைப்ரரியை புரொடக்‌ஷன்ல போடுன்னா டீம்ல ஒருத்தன் சம்மதிக்க மாட்டான். அதே ஆளு ஞாயித்துக்கிழமை ஹாபின்னு வந்தா "ஏதோ ஒரு எம்எஸ் குடுங்கண்ணா"ங்கறான். ஏன்யா?

பேர் தெரியாத ஸ்டீல் என்ன பண்ணும்?

உடைஞ்சு விழுந்துடும்னு பயமுறுத்த மாட்டேன். 108 மி.மீ. சக்கரம் மென்மையான ஸ்டீல்ல இருந்தாலும் நம்ம பாரத்துக்குப் பிளந்துடாது. பிரச்சனை வேற மூணு இடத்துல வருது.

ஒண்ணு, தேய்மானம். எட்டு சக்கரத்தையும் ராடு போட்டு இணைச்சிருக்கோம். எல்லாம் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும். ஒரு ஜோடி மட்டும் சீக்கிரம் தேய்ஞ்சு விட்டம் 0.1 மி.மீ. குறைஞ்சுடுச்சுன்னு வைங்க. ஒரு சுத்துக்குச் சுற்றளவு 0.31 மி.மீ. குறையும். 100 மீட்டர் ஓடறதுக்கு 295 சுத்து. கணக்குப் போட்டா 9 செ.மீ.க்கு மேல அந்தச் சக்கரம் தண்டவாளத்துல இழுபடணும். நீராவியை வீணாக்கி, ராடு புஷ்ஷைத் தின்னு, மறுபடியும் தன்னையே தேய்ச்சுக்கும். அதனால என்னோட முதல் விதி: எட்டு சக்கரமும் ஒரே கம்பியில இருந்து, அதாவது ஒரே உருக்குல இருந்து வரணும். இந்தக் கடையில நாலு, அந்தக் கடையில நாலுன்னு வாங்கற சமாச்சாரமே கூடாது. எல்லாம் ஒரே மாதிரி தேய்ஞ்சா, நாலு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்து ஒரு கடைசல் போட்டு சரி பண்ணிடலாம்.

ரெண்டு, விளிம்பு. மூணரை அங்குலப் பாதையைப் பெரும்பாலும் தரையில போட மாட்டாங்க. இடுப்புக்குக் கொஞ்சம் கீழ வர்ற உயரத்துல தூண் வச்சுப் போட்டு, ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு உட்காருவாங்க. வளைவுல சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தறது அந்த விளிம்பும், அதோட அடியில இருக்கற வளைவும்தான். மெத்துன்னு இருக்கற ஸ்டீல்ல விளிம்பு மெலிஞ்சு கத்தி மாதிரி ஆயிடும். கத்தி மாதிரி ஆன விளிம்பு, தண்டவாள இணைப்புல ஒரு சின்ன படி இருந்தாலும் ஏறிடும். பின்னாடி உட்கார்ந்திருக்கறது பக்கத்து வீட்டுக் குழந்தை. இதுக்கு மேல விளக்கணுமா?

மூணு, உங்க நேரம். எட்டு சக்கரத்துக்கும் ஆரக்கால் வெட்டி, கோனிங் கொடுத்து, துளை போட்டு முடிக்க எத்தனை ஞாயித்துக்கிழமை போகும்னு செய்யறவங்களுக்குத் தெரியும். ஏழாவது சக்கரத்துல, முக்கால்வாசி வேலை முடிஞ்ச பிறகு, உள்ள கசடு தட்டுப்பட்டா? இல்ல, கெட்டியான ஒரு புள்ளி வந்து கார்பைடு டிப்போட மூக்கு போயிட்டா? ஸ்டீல் 22 கிலோதான். போறது ஆறு மாசம்.

அப்போ எது வாங்கலாம்?

ஈஎன்ங்கற பேரே ஒரு சுவாரஸ்யம். இது ஐரோப்பியத் தரத்தோட ஈஎன் கிடையாது. 1941ல, ரெண்டாம் உலகப்போர் நடக்கும்போது பிரிட்டன்ல ஸ்டீல் வகைகளை ஒழுங்கு பண்ணிப் போட்ட பிஎஸ் 970 பட்டியல்ல வந்த நம்பர்கள். அவங்களே 1970கள்ல அதை விட்டுட்டு 080எம்40 மாதிரி நம்பர்களுக்குப் போயிட்டாங்க. நம்ம இரும்புக்கடைகள்ல மட்டும் ஈஎன் இன்னும் ஜம்முன்னு உயிரோட இருக்கு. நல்லதுதான், கேட்டா புரியுது.

ஈஎன் 8: கார்பன் 0.4 சதவீதத்தை ஒட்டி, மாங்கனீஸ் 0.6ல இருந்து 1.0 வரைக்கும். என் ஓட்டு இதுக்குத்தான். எம்எஸ்ஸை விட நல்லா உழைக்கும், ஒழுங்கா கடையலாம், ஹீட் ட்ரீட்மென்ட் ஒண்ணும் தேவையில்ல, எல்லா ஊர்லயும் கிடைக்கும். பளபளன்னு இருக்கற பிரைட் பாரை விட, செதில் படிஞ்ச கறுப்பு ரவுண்டு வாங்கறது மேல். பிரைட் பார் குளிர்ந்த நிலையில இழுத்தது, உள்ள இறுக்கம் இருக்கும். ஒரு பக்கம் நிறைய வெட்டி எடுத்தா கோணிக்கும்.

ஈஎன் 1ஏ: சல்ஃபர் வேணும்னே சேர்த்தது. வெண்ணெய் மாதிரி வெட்டும். சின்னச் சின்னத் திருகு, பின் எல்லாத்துக்கும் சொர்க்கம். ஆள் ஏத்தற வண்டிச் சக்கரத்துக்கு எனக்கு மனசு வரலை.

ஈஎன் 24: நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் போட்ட பயில்வான். கிராங்க் பின்னுக்கு வாங்குங்க. ஆரக்கால் வெட்ட வேண்டிய சக்கரத்துக்கு இது எறும்பை நசுக்க யானையைக் கூப்பிடற கதை.

எஸ்எஸ் 304: வெட்ட வெட்ட இறுகிக்கிட்டே போகும். துருவுக்குப் பயந்து இந்தத் தலைவலியை வாங்கறதுக்குப் பதிலா, ஓட்டி முடிச்சதும் எண்ணெய்த் துணியால ஒரு துடை துடைச்சா போதும்.

சரி, பாரம்பரியமான வார்ப்பிரும்பு? பெரியவர்களை மதிக்கிறேன். பிரிட்டன்ல 1898ல ஆரம்பிச்ச மாடல் இன்ஜினியர் பத்திரிகையில எல்பிஎஸ்சிங்கற பேர்ல எழுதினவரோட டிசைன்களைப் பார்த்து இன்ஜின் செஞ்ச தலைமுறைகள் எல்லாம் வார்ப்புச் சக்கரத்துலதான் ஓட்டினாங்க. அங்கே அது சரி. மாடலுக்குன்னே வார்ப்பு ஊத்திக் கொடுக்கற ஆட்கள் இருக்காங்க, தபால்ல வந்துடும். கோயமுத்தூர்ல ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்ல, பம்பும் மோட்டாரும் வார்த்துத்தானே ஊரே வளர்ந்துச்சு. ஆனா பம்பு பாடியை ஆயிரக்கணக்குல ஊத்தற இடத்துல போய் "எட்டு சக்கரம் ஊத்தித் தாங்க"ன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சுடுவாங்க. நட்புக்காக ஊத்தினாலும், மெல்லிசான ஆரக்கால் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பா இறுகிப் போகும், டூல் அதுல பட்டா அவ்வளவுதான். உங்களுக்கு நல்ல ஃபவுண்டரி நண்பர் இருந்து, எஃப்ஜி 260ன்னு எழுதிக் கொடுத்து ஊத்தினா தாராளமா செய்யுங்க. அதுவும் ஜாதகம் தெரிஞ்ச இரும்புதானே.

வார்ப்பு நடுப்பகுதி, அது மேல ஸ்டீல் டயர்னு நிஜ இன்ஜின் மாதிரியே செய்யறவங்களுக்கு ஒரு கணக்கு. டயரைச் சூடாக்கி ஏத்தறதுக்கு, விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு இறுக்கம்ங்கறது பழைய ரயில்வே வழக்கம். 100 மி.மீ.க்கு 0.1. டயரை 200 டிகிரி கூடுதலா சூடு பண்ணினா 0.24 மி.மீ. விரியும், அலுங்காம உட்கார்ந்துடும். ஆறினதும் அந்த 0.1 மி.மீ. இழுப்பு, உள்பகுதி துளியும் அமுங்கலைன்னு வச்சா, 210 மெகாபாஸ்கல் வரைக்கும் போகும். நல்ல எம்எஸ்ஸோட நெகிழ்வு எல்லையே 250தான். அப்போ ஊர் பேர் தெரியாத எம்எஸ்ல டயர் போட்டா அது பிடிச்சிருக்கா, நீண்டு தொளதொளன்னு ஆயிடுச்சான்னு யாருக்குத் தெரியும்? இங்கே இறுக்கத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஈஎன் 8ல டயர் போடறதுதான் புத்திசாலித்தனம்.

ஜாதகம் பார்ப்பது எப்படி

ஸ்டீலுக்கு ஜாதகம்னா டெஸ்ட் சர்டிஃபிகேட், கடை பாஷையில டிசி. எந்த உருக்குன்னு ஒரு ஹீட் நம்பர், கார்பன், சிலிக்கான், மாங்கனீஸ், சல்ஃபர், பாஸ்பரஸ் எவ்வளவுன்னு அதுல இருக்கும். கேட்டு வாங்குங்க. வாங்கினதும் படிங்க.

ஏன் படிக்கச் சொல்றேன்னா, ஒரு கடையில நான் 125 ரவுண்டு கேட்டப்ப உடனே ஒரு ஜெராக்ஸை நீட்டினாங்க. அதுல சைஸ் 63 மி.மீ.ன்னு இருந்துச்சு. "எல்லாம் ஒரே கம்பெனி மால்தான் தம்பி, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க". ஜாதகம் ஒருத்தரோடது, மாப்பிள்ளை இன்னொருத்தர்! கும்பிட்டுட்டு அடுத்த கடைக்குப் போனேன். அங்கே கம்பி முனையில பஞ்ச் பண்ணின நம்பரைக் காட்டி, பேப்பர்ல இருக்கற நம்பரையும் காட்டினார். 22 கிலோதான்னு முகம் சுளிக்கலை. அவர்கிட்டதான் வாங்கினேன்.

இதுல ஒரு சூட்சுமம். நம்பர் கம்பியோட முனையில மட்டும்தான் இருக்கும். நடுவுல இருந்து வெட்டிக் கொடுத்தா அந்தத் துண்டு அநாதை. வெட்டறதுக்கு முன்னாடியே, உங்க துண்டுலயும் அந்த நம்பரை எழுதச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்து பத்து வில்லையிலயும் நீங்களே பஞ்ச் பண்ணிடுங்க. முனையில அடிச்சிருக்கற பெயின்ட் கலரை நம்ப வேண்டாம், அது கடைக்குக் கடை மாறும்.

டிசியே கிடைக்கலையா? கிரைண்டர்ல வச்சுப் பொறி பாருங்க. எம்எஸ்ல நீளமான கோடு கோடா வரும், பூ கம்மி. கார்பன் ஏற ஏற மத்தாப்பு மாதிரி பூ கூடும். வார்ப்பிரும்புல குட்டையா, சிவப்பா வரும். நிச்சயமா ஈஎன் 8னு தெரிஞ்ச ஒரு துண்டைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாதான் இதுக்கு மதிப்பு. அப்பவும் கார்பனைத்தான் சொல்லும், சல்ஃபரையோ பாஸ்பரஸையோ சொல்லாது. சந்தேகம் இருந்தா ஒரு சின்னத் துண்டை ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுங்க. ஃபவுண்டரி இருக்கற ஊர்ல எல்லாம் இதுக்கு லேப் உண்டு.

"பழைய இரும்பு போதாதா?"

உக்கடத்துலயும் புதுப்பேட்டையிலயும் லாரி ஆக்சில் மலிவா கிடைக்கும், நல்ல ஸ்டீல்தானேன்னு கேட்பாங்க. நல்ல ஸ்டீலாதான் இருந்திருக்கும். ஆனா அது ஏற்கனவே ஒரு ஆயுசு வாழ்ந்து முடிச்சது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் முறுக்கு வாங்கினதுல முடி மாதிரி விரிசல் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. மேல்தோலை வேற கெட்டிப்படுத்தி வச்சிருப்பாங்க.

இங்கே ஒருத்தர் மடக்கலாம்: ரயில்வேயே பழைய இரும்புலதானே சக்கரம் செய்யுது? ஆமா, பெங்களூர் எலஹங்காவுல 1984ல ஆரம்பிச்ச ரயில் சக்கரத் தொழிற்சாலையில பழைய இரும்பை ஆர்க் ஃபர்னேஸ்ல உருக்கித்தான் சக்கரம் வார்க்கறாங்க. ஆனா எந்தப் பழைய இரும்பு? ரயில்வேயிலேயே ஓடித் தேய்ஞ்சு கழிச்ச சக்கரமும் ஆக்சிலும். பூர்வீகம் தெரிஞ்ச இரும்பு. அதையும் உருக்கி, ரசாயனம் பார்த்துத்தான் ஊத்தறாங்க. வெளிய போற ஒவ்வொரு சக்கரத்துலயும் உருக்கு நம்பர் இருக்கும். ஆயிரக்கணக்கான சக்கரம் செய்யற இடமே பூர்வீகம் பார்க்கும்போது, எட்டே எட்டு செய்யற நமக்கு என்ன அவசரம்?

கடைசியா ஒரு புலம்பல்

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சேன். இரும்பு கார்பன் வரைபடத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவோம். 727 டிகிரியில கோடு, 0.8ல புள்ளி. அதே கட்டடத்துல கீழே லேப்ல லேத்துல மாட்டின கம்பி என்ன ஸ்டீல்னு ஒரு தடவைகூட யாரும் சொல்லலை, பாடத்திட்டத்துலயும் அந்தக் கேள்வி இல்ல. வரைபடம் மாடியில, கம்பி கீழே, நடுவுல படிக்கட்டே கட்டலை. அந்தப் படிக்கட்டை எனக்குக் கட்டிக் கொடுத்தது, கணபதியில லேத் வச்சிருக்கற அண்ணன். பத்தாவது தாண்டாதவர். சீவல் சுருண்டு வர்ற விதத்தையும் நிறத்தையும் பார்த்தே "இது எட்டு இல்லீங்க, ஏமாத்திட்டாங்க"ம்பார். மாணவர்கள் கையில கொடுக்கற ஒவ்வொரு கம்பியிலயும் அதோட டிசியைக் கட்டித் தொங்கவிட்டா போதும், ஒரு செமஸ்டர் பாடம் தானா ஏறிடும்னு நினைக்கிறேன். செலவு நூலும் ஜெராக்ஸும்தான்.

"பொம்மை ரயிலுக்கு இவ்வளவு அலட்டலா"ன்னு கேட்கறவங்களுக்கு: எம்எஸ்ஸுக்கும் ஈஎன் 8க்கும் 22 கிலோவுல வர்ற விலை வித்தியாசம், மிஷின் கூலியோட ஒப்பிட்டா சில்லறை. டிசி கேட்க காசே வேண்டாம், வாய் இருந்தா போதும். நாம கேட்கக் கேட்கத்தான் கடைக்காரரும் அதை எடுத்து வைப்பார். இன்னைக்கு 22 கிலோ வாங்கறவன் கேட்டா சிரிப்பாங்க. பத்து பேர் கேட்டா ஃபைல் போட்டு வைப்பாங்க.

எட்டு சக்கரத்துல இப்போதைக்கு மூணு முடிஞ்சிருக்கு. ஆரக்கால் வெட்டற கதை தனி ராமாயணம், அது அடுத்த பதிவுல.

பி.கு: சக்கரத்தை ஆக்சில்ல பிரஸ் ஃபிட் போடறதா, லாக்டைட் 638 போடறதாங்கற சண்டைக்கு நான் வரலை. ரெண்டுமே வேலை செய்யும். ஆனா ஆக்சிலுக்கும் டிசி வாங்கிடுங்க சாமி :-)